நொச்சித்தாங்கல் கரை

ஜபல்பூர்
15-9-1985

மச்சான் கோதண்டம் அவர்களுக்கு,

குணசேகரன் எழுதுவது. அனுப்பியவர் பெயரைப் பார்த்ததும் கிழித்துப் போடாமல் முழுக்கப் படிக்க வேண்டும்.

நாம் பேசி இரண்டு வருடம் ஆகிறது. எண்பத்து மூன்றில் ஏரியின் உபரித் தண்ணீர் வழிந்து போகிற கலங்கலை நீங்களும் உங்கள் ஆட்களும் பலகை வைத்து அடைத்தீர்கள். மட்டம் ஏறியது. கரைக்குக் கீழே வீடு கட்டியிருந்த நாங்கள் பயந்தோம். காலனி சார்பில் மனு எழுதியது நான். அதிகாரிகள் வந்து பலகையைப் பிடுங்கினார்கள். தேங்கியிருக்க வேண்டிய தண்ணீர் ஓடிப்போய் உங்கள் நவரை நெல் காய்ந்தது. அதற்கு மன்னிப்புக் கேட்க இதை எழுதவில்லை. அன்று செய்தது சரி என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

காரணம் வேறு. ஜூன் மாதம் என்னை ஆவடித் தொழிற்சாலையிலிருந்து இங்கே மாற்றிவிட்டார்கள். பெண்களின் படிப்புக்காகப் பத்மா அந்த வீட்டிலேயே இருக்கிறாள். போன வாரக் கடிதத்தில் சின்னவள் பேபிக்குக் காய்ச்சல், மாவு மெஷின் மூடிக்கிடக்கிறது என்றெல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், "பின்னாடி கரையோரம் தரை சதசதன்னு கீது, துணி காயப்போடப் போனா கால் புதையுது" என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு அது துணி காய்கிற பிரச்சினை. எனக்கு அந்த வரியைப் படித்ததிலிருந்து வேலை ஓடவில்லை. ஏரியில் பாதித் தண்ணீர் இருக்கும்போதே இப்படி என்றால், ஐப்பசி மழைக்கு என்ன ஆகும்?

அந்தக் கரையை உங்களைவிட அறிந்தவர் யாரும் இல்லை. ஒருமுறை போய்ப் பார்த்து எழுத முடியுமா? எனக்காக அல்ல.

குணசேகரன்


நொச்சித்தாங்கல்
கரையான்சாவடி வழி
24-9-1985

மாப்பிள்ளை அவர்களுக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. "எனக்காக அல்ல" என்ற வரியை மட்டும் நீங்கள் எழுதியிருக்க வேண்டாம். பத்மா எனக்குத் தங்கை. அவளைப் பார்க்க எனக்கு ஆள் சொல்லி அனுப்ப வேண்டுமா?

ஆனாலும் இரண்டு வருடமாகப் போகாமல்தானே இருந்தேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை போனேன். வாசல் வழியாகப் போக மனம் வரவில்லை. கரைமேலே நடந்து உங்கள் வீட்டுப் பின்பக்கமாக இறங்கினேன். பத்மா துணி பிழிந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள்.

"இன்னாண்ணா, வழி தெரியாம வந்துட்டியா?"

"கரையப் பாக்க வந்தேன்."

"கரையத்தானே? பாரு. அதுக்கு ரோசம் ஒண்ணும் கெடையாது."

பிறகு காபி கொடுத்தாள். குடித்தேன்.

ஈரம் இருப்பது உண்மை. பத்தடி அகலத்துக்குத் தரை ஊறியிருக்கிறது. சோப்புத் தண்ணீர் ஊறியதாக இருக்கலாம் என்று முதலில் நினைத்தேன். ஆனால் அந்த இடத்தில் கோரை முளைத்திருக்கிறது. கோரை ஒரு நாளில் முளைக்கிறதில்லை. எங்கள் அப்பா காலத்தில் கரைக்கு இந்தப் பக்கம் எங்கும் கோரை கிடையாது.

பயப்பட வேண்டாம். எத்தனையோ மழை பார்த்த கரை. எழுதச் சொன்னீர்கள், எழுதிவிட்டேன்.

கோதண்டம்


ஜபல்பூர்
1-10-1985

மச்சான் அவர்களுக்கு,

அந்த வரி தவறு. எழுதியிருக்கக் கூடாது.

இங்கே குவார்ட்டர்ஸில் என் பக்கத்து வீட்டுக்காரர் சுலைமான், வாணியம்பாடிக்காரர். தொழிற்சாலைக்கு வருமுன் மண் அணை கட்டுகிற வேலைகளில் அளவுக்காரராக இருந்தவர். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். கோரை என்ற சொல்லைப் படித்ததும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு திரும்பப் படித்தார்.

அவர் சொன்னது இது. மண் கரையில் கசிவு இருப்பதே ஆபத்து இல்லை. எல்லாக் கரையும் கொஞ்சம் வியர்க்கும். கசிகிற தண்ணீர் தெளிவாக இருக்கிறதா, கலங்கலாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. தெளிவாக வந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கி வந்தால் அது கரையின் மண்ணையும் அழைத்துக்கொண்டு வருகிறது. உள்ளே எலி வளை மாதிரி ஒரு வழி உண்டாகும். வெளியே பார்க்கக் கரை கரையாகத்தான் இருக்கும். பிறகு ஒரே நாளில் போய்விடும்.

தயவுசெய்து ஈரத்தின் அடியில் ஒரு சாண் அகலத்துக்கு வாய்க்கால் கீறி, தண்ணீர் ஓர் இடத்தில் விழும்படி செய்யுங்கள். ஒரு செம்பு நிறைய எத்தனை நிமிடம் ஆகிறது என்று தினமும் பார்க்க வேண்டும். கண்ணாடி டம்ளரில் பிடித்து ஒரு மணி நேரம் ஆடாமல் வைக்க வேண்டும். அடியில் வண்டல் தங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

என் வேலையே அளவு பார்ப்பதுதான். மயிரிழை வித்தியாசத்துக்கு உருப்படியைத் திருப்பி அனுப்புகிறவன். என் வீட்டுக்குப் பின்னால் இருப்பதை இத்தனை வருடம் அளந்து பார்க்கவில்லை.

குணசேகரன்


நொச்சித்தாங்கல்
9-10-1985

மாப்பிள்ளை அவர்களுக்கு,

சுலைமான் பாய் சொன்னபடி செய்தாயிற்று. தினமும் காலையில் பத்மா டம்ளர் பிடிக்கிறாள், நான் கடிகாரம் பார்க்கிறேன். முதல் நாள் செம்பு நிறைய ஒன்பது நிமிடம். நேற்று ஏழு. தண்ணீர் தெளிவு. குடிக்கலாம் போல இருக்கிறது. பத்மா டம்ளரைச் சமையலறை மேடையில் வைத்து, யாரும் தொடக்கூடாது என்று பெண்களை மிரட்டி வைத்திருக்கிறாள்.

இப்போது நல்லதல்லாத செய்தி. வாய்க்கால் கீறுவதற்காக முள்ளை வெட்டினேன். முள்ளுக்குப் பின்னால் கரையின் அடிப்பக்கம் சரிவாக இல்லை. செங்குத்தாக நிற்கிறது. இரண்டு லாரி பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற அகலத்துக்கு, இடுப்பு உயரத்துக்கு, கரையின் காலை வெட்டி மண் எடுத்திருக்கிறார்கள். மேலே முள் மண்டி மறைந்துவிட்டது. கசிவு அந்த வெட்டிலிருந்துதான் வருகிறது.

மனிதனுக்குப் பாதத்தை வெட்டிவிட்டு நில் என்று சொன்னால் நிற்பானா? கரைக்கு மேல்பக்கம்தான் நாங்கள் பார்ப்போம். கீழே வீடுகள் வந்தபிறகு அந்தப் பக்கம் யாரும் இறங்குவதில்லை.

அந்த வரிசையில் முதலில் வீடு கட்டியது நீங்கள். யார் எடுத்தது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரிந்தால் எழுதுங்கள். அவனை நான் சும்மா விடமாட்டேன்.

கோதண்டம்


ஜபல்பூர்
16-10-1985

மச்சான்,

நான்தான்.

எண்பத்து ஒன்றில் வீட்டுக்கு அடிமானம் போட்டபோது மனை பள்ளமாக இருந்தது. மழை பெய்தால் முழங்கால் தண்ணீர். மேடு தூக்க மண் வேண்டும் என்று ஒரு லாரிக்காரரிடம் சொன்னேன். பதினான்கு லோடு கொட்டினார். நல்ல களிமண். "எங்கிருந்து வருது?" என்று கேட்டேன். "கெட்டி மண்ணு சார், ஏரி மண்ணு. ஊடு அசையாது" என்றார். ஏரிக்குள்ளிருந்து எடுப்பதாக நான் நினைத்துக்கொண்டேன். அப்படி நினைத்துக்கொள்வது வசதியாக இருந்தது என்று எழுதுவதுதான் நேர்மை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து சீக்கிரம் வந்தபோது, லாரி கரையோரம் நிற்பதைக் கண்ணால் பார்த்தேன். வீட்டுக்குள் போய்விட்டேன்.

அதற்கு இரண்டு வருடம் கழித்து, கரைக்கு ஆபத்து உண்டாக்குகிறார்கள் என்று உங்கள்மேல் மனு எழுதினேன். எழுதும்போது இது நினைவுக்கு வரவே இல்லை. அதுதான் எனக்கு இப்போது பயமாக இருக்கிறது.

உங்கள் கடிதம் வந்து மூன்று நாள் ஆயிற்று. பதில் சொல்ல வேறு வழி இருக்கிறதா என்று மூன்று நாளும் பார்த்தேன். விடுமுறை கேட்டேன், சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது, கிடைக்காது என்றுவிட்டார்கள். நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன். அந்த வெட்டை மட்டும் எப்படியாவது நிரப்புங்கள்.

குணசேகரன்


நொச்சித்தாங்கல்
25-10-1985

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் நேராகப் பத்மாவிடம் போனேன். நல்ல வார்த்தை எதுவும் என் வாயில் இல்லை. அவள் முகத்துக்கு நேராகக் கடிதத்தை நீட்டினேன். வாங்கவே இல்லை.

"தெரியும்ணா."

"இன்னா தெரியும்?"

"மண்ணு எங்கேர்ந்து வந்துதுன்னு. லாரிக்காரனுக்கு நான்தானே மோர் குடுத்தேன்."

அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கரைமேல் நடந்தவள் அவள்.

"அப்போ ஊடு கட்டணும்ன்ற நெனப்பு ஒண்ணுதான் இருந்துச்சு. கரை எப்பவும் அங்கயே இருக்கும்னு நெனச்சேன்" என்றாள். அப்புறம் அழுதாள். நான் திட்டப் போனவன், சும்மா பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மூன்று நாள் கோபமாக இருந்தேன். நான்காம் நாள்தான் என் தப்பும் எனக்கு உறைத்தது. உங்களிடம் நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. கலங்கலில் இப்போதும் பலகை இருக்கிறது. ஐப்பசி பிறந்த மறுநாள் வைத்தோம். மழையெல்லாம் ஓய்ந்த பிறகு கார்த்திகைக் கடைசியில் வைப்பதுதான் பழைய வழக்கம். போன வருடம் வானம் ஏமாற்றியதால் இந்த வருடம் முன்னாலேயே வைக்கலாம் என்று என் பக்கத்துக் கழனிக்காரன் வேம்புலி சொன்னான். எட்டுப் பேர் தலையாட்டினோம். முதல் பலகையை இறக்கியது நான். காலையில் உங்கள் வீட்டுப் பின்னால் கசிவை அளந்துவிட்டு, பகலில் போய் அதைச் செய்தேன்.

எடுத்துவிடலாம் என்று நேற்று வேம்புலியிடம் சொன்னேன். "தங்கச்சி ஊட்டுக்காரர் சொன்னாரா?" என்று கேட்டான். மற்றவர்கள் சிரித்தார்கள். நான் ஒருவன் போய் எடுத்தால் ஊரில் சண்டை வரும். வெட்டை நிரப்ப ஆள் கூப்பிட்டேன். ஊர்க்காரர்கள் காலனிக்காரன் செய்யட்டும் என்கிறார்கள். உங்கள் காலனி சங்கத்துப் பால்ராஜ், இது ஏரித் தண்ணீர் பாய்ச்சுகிற ஆயக்கட்டுக்காரர் வேலை என்கிறார்.

செம்பு ஆறு நிமிடம். தண்ணீர் தெளிவு.

கோதண்டம்


ஜபல்பூர்
1-11-1985

மச்சான்,

கோபப்பட எனக்கு வாய் இல்லை. பலகை விஷயத்தைச் சொன்னதற்கு நன்றி.

சுலைமான் சொல்வதை அப்படியே எழுதுகிறேன். தண்ணீர் கலங்கினால், வருகிற வாயைக் களிமண் வைத்து அடைக்கவே கூடாது. அடைத்தால் வேறு வழி தேடும். முதலில் ஆற்று மணல். அதன்மேல் ஜல்லி. அதன்மேல் கல்லோ செங்கலோ எது கிடைத்தாலும் பாரமாக. தண்ணீர் வடிந்து வர வேண்டும், மண் வரக்கூடாது. அதே நேரத்தில் ஏரி மட்டத்தைக் குறைக்க வேண்டும். குறைக்க ஒரே வழி கலங்கல். மேலே சொன்ன வேலை எல்லாம் ஒரு நாள் அவகாசம் கொடுக்கும், அவ்வளவுதான்.

மழை பிடித்துக்கொண்டால் பத்மாவையும் பெண்களையும் உங்கள் வீட்டுக்கு அழைத்துப் போங்கள். அவள் வரமாட்டேன் என்பாள். நான் சொன்னதாகச் சொன்னால் இன்னும் வரமாட்டாள். நீங்களே ஏதாவது சொல்லிக் கூப்பிடுங்கள்.

குணசேகரன்


நொச்சித்தாங்கல்
19-11-1985

மாப்பிள்ளை,

எல்லோரும் நலம். அதை முதலில் எழுதச் சொன்னாள் பத்மா. தபால் ஐந்து நாளாக வரவில்லை. கரையான்சாவடியில் ரோட்டுமேல் தண்ணீர் ஓடியது. நீங்கள் அங்கே என்ன பாடு பட்டிருப்பீர்கள் என்று எங்களுக்குத் தெரியும்.

தீபாவளியை ஒட்டி மழை பிடித்தது. விடவே இல்லை. பெண்களை என் மனைவி பொன்னம்மாள் போய் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டாள். பத்மா வரவில்லை. "டம்ளர யாரு பாக்கறது?" என்றாள். பக்கத்து வீட்டு வசந்தா அம்மாளைத் துணைக்கு வைத்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

புதன்கிழமை காலை ஏழு மணி இருக்கும். பத்மா குடைகூட இல்லாமல் வருகிறாள். முந்தானையால் எதையோ மூடிப் பிடித்திருக்கிறாள். விலக்கினால், கண்ணாடி டம்ளர். டீத் தண்ணீர் மாதிரி இருந்தது.

"செம்பு ஒரு நிமிசத்துல ரொம்புதுண்ணா."

நான் கடப்பாரையை எடுத்துக்கொண்டு கலங்கலுக்கு ஓடினேன். அவளும் பின்னாலேயே வந்தாள். அங்கே வேம்புலியும் நான்கைந்து பேரும் நின்றிருந்தார்கள். பலகைக்கு மேலே நான்கு விரல் உயரத்துக்குத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

"எடுக்கணும்டா" என்றேன்.

"எடுத்தா இன்னா ஆவும் தெரியுமா? வாய்க்கா தாங்காது. மொதல்ல உன் கழனிதான் முழுவும். அஞ்சு ஏக்கரும் பால் பிடிக்கிற பயிரு."

"தெரியும்."

"இன்னொரு நாளு பாக்கலாம், அண்ணாத்தே. மழ உட்டுச்சுன்னா?"

பத்மா போய் அவன் கையில் டம்ளரைக் கொடுத்தாள். அவன் அதைச் சாய்த்துப் பார்த்தான். விரலை விட்டு அடியில் இருந்ததை எடுத்துத் தேய்த்துப் பார்த்தான். மண்ணில் பிறந்தவன்தானே, அது எந்த மண் என்று விரலுக்குத் தெரியும்.

"இது எங்கேர்ந்து வருது?"

"எங்க ஊட்டுப் பின்னாலேர்ந்து" என்றாள் பத்மா. "அந்த எடத்துல மண்ணு எடுத்ததும் நாங்கதான். திட்டறதா இருந்தா அப்பால திட்டு. இப்போ எறங்கு."

வேம்புலிதான் முதலில் தண்ணீருக்குள் இறங்கினான். ஒரு பலகையும் அசையவில்லை, தண்ணீர் அவ்வளவு அழுத்தியது. கடப்பாரை போட்டு நெம்பி இரண்டைப் பிடுங்கினோம். மூன்றாவது உடைந்து என் கைமேல் விழுந்தது. இடது சுண்டுவிரல் இனி மடங்காது என்கிறார் பூந்தமல்லி டாக்டர். அது போகட்டும். பத்து மணிக்குள் எல்லாம் வெளியே வந்துவிட்டன. தண்ணீர் போன சத்தம் காலனி வரைக்கும் கேட்டதாம். கரைதான் உடைந்தது என்று பாதிப் பேர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைப் பக்கம் ஓடியிருக்கிறார்கள்.

பிறகு வெட்டுக்கு வந்தோம். அதற்குள் கரைமேல் நீளமாக ஒரு வெடிப்பு, உள்ளங்கை அகலத்துக்கு. களிமண்ணால் அடைக்கலாம் என்று ஓடி வந்தவர்களைப் பத்மா கிட்டே விடவில்லை. உங்கள் கடிதத்தை அவள் மனப்பாடமாக வைத்திருக்கிறாள். "மொதல்ல மணலு, அப்பால ஜல்லி, அப்பால பாரம்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். மணல் பால்ராஜ் வீட்டில் இருந்தது. மாடி கட்ட அவர் வாங்கிப் போட்டது. கேட்கப் போனால், மனிதர் ஏற்கெனவே கூடையில் அள்ளிக்கொண்டு நிற்கிறார். ரோடு போடக் குவித்திருந்த ஜல்லியை வசந்தா அம்மாளும் மற்ற பெண்களும் வரிசையாக நின்று கைமாற்றினார்கள். பாரத்துக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. பத்மா உங்கள் பின்பக்கச் சுற்றுச்சுவரைக் காட்டி, "அத இடிங்க" என்றாள். வேம்புலி தயங்கி என்னைப் பார்த்தான். அவள் கடப்பாரையைப் பிடுங்கி முதல் கல்லைத் தானே பெயர்த்தாள்.

மாலை நான்கு மணிக்கு டம்ளர் தெளிந்தது. ஏரி ஒரு முழம் இறங்கியிருந்தது. கரையின் ஒரு தோள் சரிந்துவிட்டது. ஆனால் நின்றது.

கோதண்டம்


ஜபல்பூர்
27-11-1985

மச்சான்,

உங்கள் கடிதத்தைச் சுலைமானுக்கு உரக்கப் படித்தேன். "தெளிந்தது" என்ற இடத்தில் என்னால் மேலே படிக்க முடியவில்லை. அவர் வாங்கி மீதியைப் படித்தார்.

அந்த ஐந்து நாள் இங்கே நான் என்ன செய்தேன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கிறது. வேலைக்குப் போனேன். அளவு பார்த்தேன். மாலையில் தந்தி அலுவலகத்தில் போய் உட்கார்ந்தேன். மெட்ராஸ் லைன் இல்லை என்பார்கள். வானொலியில் எத்தனையோ ஊர்ப் பெயர் வந்தது, நம் ஊர்ப் பெயர் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்றுகூடப் புரியவில்லை.

நேற்றுப் பத்மாவின் கடிதமும் வந்தது. உங்கள் ஐந்து ஏக்கரும் எட்டு நாள் தண்ணீருக்குள் கிடந்து அழுகிப்போயிற்று என்று எழுதியிருக்கிறாள். உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எண்பத்து மூன்றில் என்னால் ஒரு போகம் போயிற்று. இப்போது என் வீட்டுக்காக இன்னொன்று. முதல் தடவை நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது இரண்டுக்கும் சேர்த்துக் கேட்கிறேன்.

பொங்கலுக்குப் பத்து நாள் விடுமுறை கிடைத்திருக்கிறது.

குணசேகரன்


நொச்சித்தாங்கல்
9-12-1985

மாப்பிள்ளை,

பயிரைப் பற்றி எழுதினால் கணக்குச் சொல்வது போல் இருக்கும் என்று எழுதவில்லை. விடுங்கள். வேம்புலி தன் நாற்றங்காலில் மிஞ்சியதை எனக்காக வைத்திருக்கிறான். தை பிறந்ததும் நடுவோம்.

நேற்று ஏரிப் பொறியாளர் வந்தார். இளவயது. பெயர் நாகேந்திரன். செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை முழுவதும் நடந்தார். நாங்கள் போட்ட மணலையும் ஜல்லியையும் கிளறிப் பார்த்து, "யாரு இந்த மாதிரி போடச் சொன்னது?" என்று கேட்டார். பத்மா, "ஜபல்பூர்ல ஒரு பாய்" என்றாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

கலங்கலில் பலகை வைத்தது யார் என்று கேட்டார். நான் என்று சொன்னேன். எழுதிக்கொண்டார். கரையை வெட்டியது யார் என்று கேட்டார். லாரி வைத்து எடுத்துவிட்டார்கள், பெயர் தெரியாது என்றேன். பத்மா வாயைத் திறந்தாள், பொன்னம்மாள் அவள் கையைப் பிடித்துவிட்டாள். அதோடு இருக்கட்டும். உங்களுக்கு அரசாங்க வேலை. நீங்கள் ஒன்றும் எழுத வேண்டாம்.

இன்னொன்று. வரும் மழைக்குள் கரையை அகலப்படுத்தியே ஆக வேண்டும் என்கிறார். கரையின் அடியைச் சரிவாகக் கொண்டுவந்தால் அது உங்கள் சமையலறையைத் தாண்டி வருகிறது. உங்கள் வீடும் பக்கத்து இரண்டு வீடும் போக வேண்டும். பத்மா சுவரில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டாள். "எப்போ?" என்று மட்டும் கேட்டாள்.

கோதண்டம்


ஜபல்பூர்
18-12-1985

மச்சான்,

பொறியாளருக்கு எழுதிவிட்டேன். பதினான்கு லோடு, என்ன மாதம், எந்த இடம், என் பெயர், என் முகவரி. நீங்கள் உங்கள் பெயரைச் சொன்ன பிறகு நான் சும்மா இருந்தால், அந்த வீட்டில் மட்டுமல்ல, எந்த வீட்டிலும் எனக்குத் தூக்கம் வராது. என்ன வந்தாலும் வரட்டும்.

பால்ராஜ் எழுதியிருக்கிறார். மூன்று வீட்டுக்காரரும் சேர்ந்து கோர்ட்டுக்குப் போகலாமாம். நான் வரவில்லை என்று பதில் போட்டேன். ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். போட்டுவிட்டு வந்து, வீட்டின் ஒவ்வோர் அறையையும் மனதுக்குள் ஒருமுறை நடந்து பார்த்தேன். நான்கு வருடமாகக் கட்டிய வீடு. ஒவ்வொரு கதவுக்கும் கீலை நானே தேய்த்துப் பொருத்தினேன். எந்தக் கதவும் சத்தம் போடாது.

குணசேகரன்


ஜபல்பூர்
28-1-1986

மச்சான்,

நேற்று வந்து சேர்ந்தேன். பத்து நாளும் நாம் பேசியதை எண்ணினால் நூறு வார்த்தை தேறாது. கடிதத்தில் அத்தனை எழுதிவிட்டு, நேரில் பார்த்ததும் இரண்டு பேருக்கும் வாய் கட்டிவிட்டது. உங்கள் விரலைப் பார்த்தேன். அதைப் பற்றிக்கூடக் கேட்க வரவில்லை.

கிளம்புகிற அன்று கிணற்று மேட்டுக்கு அழைத்துப் போனீர்கள். "இது அப்பா நெலம். பத்மாவுக்கும் பாத்தியம் கீது. இவ்ளோ நாளா நான் குடுக்காதது என் தப்பு. இங்க கட்டிக்குங்க" என்றீர்கள். நான் வேண்டாம் என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். ஆனாலும் பஸ் வரும்வரை வெயிலில் என்னோடு நின்றீர்கள்.

அந்த வேண்டாம் என்ற சொல்லை நான் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். உங்கள் பயிரை இரண்டு முறை அழித்தவன் உங்கள் நிலத்தில் வந்து குடியேறுவதா என்று மனம் குறுகியது. ரயில் இட்டார்சி வருவதற்குள் யோசித்துப் பார்த்தேன். நீங்கள் அதை எனக்குக் கொடுக்கவில்லை. பத்மாவுக்கு உரியதை அவளுக்குக் கொடுக்கிறீர்கள். நடுவில் நான் நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை.

கதவுகளை மட்டும் உடைக்காமல் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

குணசேகரன்


நொச்சித்தாங்கல்
16-3-1986

மாப்பிள்ளை,

கரை வேலை ஆரம்பித்துவிட்டது. லாரி லாரியாக மண் வந்து இறங்குகிறது. எந்த ஏரியில் எடுத்தது என்று ஒவ்வொரு லாரிக்காரனிடமும் பத்மா கேட்கிறாள். பதில் சொல்லாமல் எவனும் கொட்ட முடியாது. பொறியாளர் அவளைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கியே நடக்கிறார்.

உங்கள் வீட்டைப் போன வெள்ளிக்கிழமை இடித்தார்கள். நீங்கள் பார்க்காமல் போனது நல்லது. ஏழு கதவும் பத்திரமாக எங்கள் வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் கடிதத்துக்குப் பொறியாளர் ஆபீஸிலிருந்து பதில் வந்ததா? என்னை ஒருநாள் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். இனிமேல் பலகை வைக்கிற நாளை ஊரும் காலனியும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டுமாம். வேம்புலியும் பால்ராஜும் அதற்குள்ளேயே அடித்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டார்கள். அடித்துக்கொள்ளட்டும். ஒரே இடத்தில் உட்கார்ந்துதானே அடித்துக்கொள்கிறார்கள்.

பத்மாவும் பெண்களும் எங்களோடுதான். பொன்னம்மாளுக்கும் அவளுக்கும் குழம்பில் புளி கூடிற்றா குறைந்ததா என்று தினமும் வழக்கு. அதனால் நலம் என்று அறியவும்.

கிணற்று மேட்டில் நேற்று அடிமானத்துக்குக் கயிறு கட்டினோம். மேஸ்திரி சமையலறை ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார். நான் வயல் பக்கம் என்றேன். பத்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"கரைப் பக்கம் வைங்க."

"அந்தப் பக்கம்தான் சாரல் அடிக்கும். அடுப்பு நனையும்."

"நனையட்டும்ணா. தண்ணி எவ்ளோ கீதுன்னு சமைக்கறப்போ எனக்குத் தெரியணும்."

உங்களைக் கேட்காமலேயே, பெரிய ஜன்னலாக வைக்கச் சொல்லிவிட்டேன்.

கோதண்டம்